சிப் முதலில், ஊசி பிறகு: சென்னையிலிருந்து ஜெர்மனிக்கு நாயும் பூனையும்

விசா வந்தாயிற்று, டிக்கெட்டும் போட்டாயிற்று, நாய் விஷயத்தைக் கடைசி மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள்தான் அதிகம். அந்தக் கடைசி மாதத்தில் செய்ய முடிகிற வேலை இதில் கால்வாசிகூட இல்லை. இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடு எதற்கும் நாயையோ பூனையையோ கொண்டுபோக, ஒரு பிசகும் இல்லாமல் நடந்தாலே நாலு மாதம் பிடிக்கும். கையில் ஐந்து மாதம் இருந்தால்தான் நிம்மதி.

காரணம் வெறிநோய். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் உள்ள நாட்டிலிருந்து வந்தால் அடையாளச் சிப்பும் தடுப்பூசியும் சான்றிதழும் போதும். பட்டியலில் சிங்கப்பூர் இருக்கிறது, மலேசியா இருக்கிறது, ஐக்கிய அரபு அமீரகம் இருக்கிறது. இந்தியா இல்லை, இலங்கையும் இல்லை. அதனால்தான் கோலாலம்பூரிலிருந்து போன சொந்தக்காரர் ‘ஒரே மாசத்துல முடிஞ்சிடுச்சு’ என்பார், சென்னைக்காரருக்கு அது பொருந்தாது. பட்டியலில் இல்லாத நாட்டு விலங்குக்கு ரத்தப் பரிசோதனையும் அதன் பிறகு மூன்று மாதக் காத்திருப்பும் கட்டாயம். பூனைக்கும் இதே விதிதான். ‘வீட்டை விட்டு வெளியே போகாத பூனை’ என்ற சலுகை எங்கும் கிடையாது.

முதல் கோணல் முற்றும் கோணல் என்பது இந்த வேலைக்கென்றே சொன்னது போலிருக்கும். அந்த முதல் கோணல் பெரும்பாலும் சிப்பில் விழுகிறது. தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே தோலுக்கடியில் போடும், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய மைக்ரோசிப் அது. ஐ.எஸ்.ஓ 11784, 11785 தரத்தில், 15 இலக்க எண்ணோடு இருக்க வேண்டும். விதி சொல்வது இதுதான்: சிப் போட்ட அன்றோ அதற்குப் பிறகோ போட்ட வெறிநோய்த் தடுப்பூசி மட்டுமே கணக்கு. மூன்று வருஷமாகத் தவறாமல் ஊசி போட்டு, போன மாதம்தான் சிப் போட்டிருந்தால், அந்த மூன்று வருஷ ஊசியும் ஐரோப்பிய அதிகாரியின் கண்ணில் இல்லாத ஊசி. ஊசி போட்டது இந்த நாய்க்குத்தான் என்பதற்கு அன்றைக்கு அடையாளம் இல்லையே. சிப்புக்குப் பிறகு மறுபடி ஒரு ஊசி, அதிலிருந்து கணக்கு.

ஏற்கெனவே சிப் இருக்கிறது என்பவர்கள், அது மாநகராட்சி முகாமில் போட்டதாக இருந்தாலும் சரி, நாயை விற்றவர் போட்டுக் கொடுத்ததாக இருந்தாலும் சரி, முதல் காரியமாக ரீடரை (சிப்பின் எண்ணைக் காட்டும் கைக்கருவி) வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். காகிதத்தில் இருக்கும் எண்ணும் ரீடரில் வரும் எண்ணும் இலக்கம் இலக்கமாக ஒத்துப்போகிறதா என்று இருவர் சேர்ந்து பாருங்கள், ஒருவர் வாசிக்க மற்றவர் டிக் அடிக்க. 15 இலக்கத்தில் நடுவே இரண்டு எண் இடம் மாறியிருப்பது சர்வசாதாரணம். 9 அல்லது 10 இலக்கத்தில் வந்தால் அது பழைய வகை, ஐரோப்பிய ரீடருக்குத் தெரியாது. புதுசு ஒன்று போட்டுக்கொண்டு ஆரம்பத்திலிருந்து தொடங்குவதே சுலபம். சில நேரம் சிப் முதுகிலிருந்து நழுவித் தோள் பக்கமோ முன்னங்கால் பக்கமோ இறங்கியிருக்கும். கழுத்தில் மட்டும் ரீடரைக் காட்டிவிட்டு ‘சிப் இல்லை’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

தடுப்பூசி போடும்போது விலங்குக்குக் குறைந்தது 12 வாரம் ஆகியிருக்க வேண்டும். ரேபிஸ் ஊசி எந்த நிறுவனத்துடையது என்பது பிரச்சினையில்லை. பதிவுதான் பிரச்சினை. ஊசிப் புத்தகத்தில் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும், பேட்ச் எண் தெரிய வேண்டும், போட்ட தேதி, எதுவரை செல்லும் என்ற தேதி, மருத்துவரின் கையெழுத்து, கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணோடு முத்திரை, எல்லாம் வேண்டும். அதே பக்கத்தில் சிப் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். பல கிளினிக்குகளில் வெறிநோய் ஊசி என்பதற்கு ‘ஏ.ஆர்.வி’ என்று மூன்றெழுத்தைக் கிறுக்கி ஒரு தேதியைப் போட்டு அனுப்புவார்கள். ஊருக்குள் அது செல்லும், விமானத்தில் செல்லாது. ‘அடுத்த ஊசி’ என்ற கட்டத்தில் எழுதும் தேதியும் ‘எதுவரை செல்லும்’ என்ற தேதியும் ஒன்றாகவே எழுதப்படுகின்றன. அந்தத் தேதிக்கு ஒரு நாள் பிந்திப் போட்டாலும் தொடர்ச்சி அறுந்ததாகக் கணக்கு, அதுவே மறுபடி ‘முதல் ஊசி’ ஆகிவிடும், பழைய ரத்தப் பரிசோதனை முடிவும் அதோடு போய்விடும். வருஷ ஊசியை ஒரு வாரம் முன்கூட்டியே போட்டுவிடுவது நல்ல பழக்கம்.

அடுத்தது அந்த ரத்தப் பரிசோதனை, டைட்டர் டெஸ்ட் என்பார்கள். ஊசி போட்டதும் உடம்பில் வெறிநோய்க்கு எதிரான எதிர்ப்புப் பொருள் எவ்வளவு உண்டாகியிருக்கிறது என்று அளக்கும் சோதனை. மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு. (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் இருந்தால் பாஸ். ரத்தம் எடுப்பது ஊசி போட்டு 30 நாளாவது ஆன பிறகு இருக்க வேண்டும். 29-ம் நாள் எடுத்தால் அளவு எவ்வளவு அதிகமாக வந்தாலும் செல்லாது. அதற்காக மூன்று மாதம் தள்ளிப்போடவும் கூடாது. முதல்முறை ஊசி போட்ட விலங்குக்கு எதிர்ப்புப் பொருள் நாலாவது வாரம் தொடங்கி ஆறாவது வாரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கத் தொடங்கும். 30-க்கும் 42-க்கும் இடைப்பட்ட நாட்கள்தான் தோது. ஒரு வயதுக்குக் குறைந்த குட்டிகளும் பெரிய உடம்புக்கார நாய்களும் ஒரே ஊசியில் தோற்பது கொஞ்சம் அதிகம். மருத்துவர் இரண்டாவது ஊசியையும் போட்டுவிட்டு ரத்தம் எடுக்கலாம் என்றால் அதைக் கேட்பது நல்லது. ஒரு ஊசிச் செலவை மிச்சப்படுத்தி மூன்று மாதத்தைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

ரத்தம் எடுக்கும் இடத்தில் கவனிக்க நிறைய இருக்கிறது. தேவைப்படுவது சீரம். சிவப்பு மூடி போட்ட சாதாரணக் குழாயில் 3 முதல் 5 மி.லி. ரத்தம் எடுத்து, அறை வெப்பத்தில் உறையவிட்டு, சென்ட்ரிபியூஜில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் வைக்கோல் நிறத் திரவத்தை வேறு குழாய்க்கு மாற்ற வேண்டும். ஒரு மி.லி. சீரம் தேறினால் போதும். அந்தத் திரவம் இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன என்று அர்த்தம். நாய் திமிறும்போது மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலும், குழாயைக் குலுக்கினாலும், பிரிக்காமலே ஐஸில் வைத்தாலும் இப்படி ஆகும். பரிசோதனைக் கூடத்தில் சீரத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, உயிருள்ள வைரஸோடு கலந்து, வளர்ப்புச் செல்கள் மேல் ஊற்றி, வைரஸ் முடங்கியதா என்று பார்ப்பார்கள். கெட்டுப்போன சீரம் அந்தச் செல்களையே கொன்றுவிடும், ‘முடிவு சொல்ல இயலாது’ என்று கடிதம் வரும். பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை, மறுபடி ரத்தம்.

வெள்ளிக்கிழமை ரத்தம் எடுக்காதீர்கள். மாதிரி சனி, ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு கூரியர் கிடங்கில் கிடக்கும், சென்னை வெயிலில். திங்கள் அல்லது செவ்வாய் எடுத்து அன்றே அனுப்புவதுதான் முறை. சீரம் குழாய், அதைச் சுற்றி உறிஞ்சும் பஞ்சு, கசியாத உறை, வெளியே கெட்டியான பெட்டி என்று மூன்றடுக்குப் பொதி, ‘யூ.என். 3373’ என்ற வைர வடிவ ஒட்டி, உள்ளே ஜெல் ஐஸ். அனுப்பும் கூடம் ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும் அங்கீகாரப் பட்டியலில் இருந்தாக வேண்டும். வேறு கூடம் எவ்வளவு பேர்பெற்றதாக இருந்தாலும் அதன் முடிவு செல்லாது. ‘அங்கீகாரம் இருக்கு சார்’ என்ற வாய்வார்த்தையை நம்பாமல், அனுப்பும் வாரத்தில் பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள். படிவத்தை நிரப்பும்போது சிப் எண்ணைப் பழைய காகிதத்திலிருந்து பார்த்து எழுத விடாதீர்கள். அந்த நேரத்தில் ரீடர் வைத்துப் படித்து எழுத வேண்டும். சிப் எண்ணும் ரத்தம் எடுத்த தேதியும் பரிசோதனை அறிக்கையில் அச்சாகி வரும், பின்னாளில் ஒரு எழுத்து மாற்றக்கூட அலைய வேண்டியிருக்கும்.

மூன்று மாதக் காத்திருப்பு ரத்தம் எடுத்த தேதியிலிருந்து ஓடுகிறது, முடிவு வந்த தேதியிலிருந்து அல்ல. இது நமக்குச் சாதகம். முடிவு வர மூன்று வாரம் ஆனாலும் கடிகாரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். இவ்வளவு நாள் எதற்கு என்றால், ஊசிக்கு முன்பே வெறிநோய்க் கிருமி உள்ளே போயிருந்தால் அது வெளிப்பட மாதங்கள் ஆகலாம். நல்ல ரத்த முடிவோடு வந்த நாய்க்கு விமானத்திலிருந்து இறங்கிய இரண்டாவது வாரம் நோய் கண்டால் என்ன செய்வது? அதற்கான இடைவெளி.

தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் பிடிபட்டுவிடும். ஜனவரி 5 சிப்பும் ஊசியும். பிப்ரவரி 9 ரத்தம், 35 நாள் ஆகியிருக்கும். மே 9-உடன் மூன்று மாதம் முடிகிறது. மே 14 பயணம். சான்றிதழ் மே 11 அல்லது 12. இதில் பிப்ரவரி ரத்தம் தோற்று, மறுபடி ஊசி போட்டு ஏப்ரல் 10-ல் எடுத்தால் பயணம் ஜூலை 10-க்குப் பிறகுதான். அதனால் டைட்டர் முடிவு கையில் வரும்வரை நாய்க்கான டிக்கெட்டைப் பணம் திரும்பக் கிடைக்காத வகையில் எடுக்காமல் இருப்பதே விவேகம். குட்டி என்றால் 12 வாரம், 30 நாள், மூன்று மாதம் எல்லாம் கூட்டி, ஏறக்குறைய ஏழு மாத வயதுக்கு முன் போகவே முடியாது. ஆறு வாரக் குட்டியை ‘கையோடு கொண்டுபோகலாம்’ என்று விற்பவர் சொன்னால் அவருக்கு விதி தெரியவில்லை, அல்லது நன்றாகத் தெரிகிறது.

காத்திருக்கும் மூன்று மாதத்தில் செய்ய வேண்டிய ஒரே பெரிய வேலை, கூண்டு. சிறிய நாயும் பூனையும் பை உட்பட 8 கிலோவுக்குள் இருந்தால் பல ஐரோப்பிய விமானங்களில் காலடியில் வைத்துக்கொண்டு போகலாம். மற்றவை கீழே, வெப்பமும் அழுத்தமும் கட்டுப்படுத்தப்பட்ட சரக்கு அறையில், உங்கள் டிக்கெட்டோடு சேர்ந்த லக்கேஜாகவோ தனிச் சரக்காகவோ போகும். எந்த விமானம் எதை அனுமதிக்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எமிரேட்ஸ் கேபினில் நாய், பூனைக்கு இடமே இல்லை. ஆனால் துபாய்க்கும் பாகிஸ்தானின் சில ஊர்களுக்கும் இடையே ராஜாளிப் பறவை சீட்டில் உட்கார்ந்து போகலாம்! பிரிட்டனுக்குள் வான்வழி வருவதென்றால் சரக்காக மட்டுமே வர வேண்டும், கேபின் பேச்சுக்கே இடமில்லை.

கூண்டின் அளவுக்கு ஐயாட்டா என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கணக்கு இருக்கிறது. நாயை நிற்க வைத்து நாலு அளவு எடுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை, தரையிலிருந்து முன்னங்காலின் முழங்கை மூட்டுவரை, தோள் அகலம், தரையிலிருந்து தலை அல்லது காது நுனிவரை, எது உயரமோ அது. முதல் அளவோடு கால் அளவில் பாதியைக் கூட்டினால் கூண்டின் உள் நீளம். தோள் அகலத்தைப் போல் இரு மடங்கு உள் அகலம். தலை உயரத்தோடு விரிப்பின் கனத்தைக் கூட்டினால் உள் உயரம். ஒரு சிப்பிப்பாறைக்கு நீளம் 95, கால் 38, தோள் 20, தலை உயரம் 82 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கூண்டு உள்ளே 114 நீளம், 40 அகலம், 85 உயரம் வேண்டும். ஒல்லி நாய்தானே, லேப்ரடாருக்கு வாங்கும் கூண்டு போதும் என்று நினைத்தால் உயரத்தில் மாட்டிக்கொள்ளும். ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை எல்லாமே எடையில் குறைந்து உயரத்தில் கூடிய நாய்கள். அவற்றுக்கு வரும் கூண்டு பெரிய அளவு. அந்தக் கூண்டு ஐரோப்பாவுக்குள் மாறி ஏறும் சிறிய விமானத்தின் சரக்குக் கதவில் நுழையுமா என்று விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நுழையாது என்றால் பிராங்க்பர்ட்டிலேயே இறங்கி ரயிலில் போவது மேல்.

கடையில் கிடைக்கும் கூண்டில் பிளாஸ்டிக் கிளிப் வைத்து மேல்பாதியும் கீழ்பாதியும் மாட்டியிருப்பார்கள். அவற்றைக் கழற்றிவிட்டு உலோகத் திருகும் நட்டும் போடுங்கள், நாலு மூலையிலும் கேபிள் டை. சக்கரம் இருந்தால் கழற்ற வேண்டும். நாலு பக்கமும் காற்றோட்டம் வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் கதவின் உட்பக்கம் மாட்டி, கதவைத் திறக்காமல் வெளியிலிருந்தே ஊற்றும்படி இருக்க வேண்டும். முந்தின ராத்திரி கிண்ணத்தில் தண்ணீர் உறையவைத்து மாட்டினால் ஏற்றும்போது சிந்தாது, மெல்ல உருகும். ‘உயிருள்ள விலங்கு’, ‘இந்தப் பக்கம் மேல்’ என்ற ஆங்கில ஒட்டிகள் குறைந்தது 25 மி.மீ. எழுத்தில். கதவுக்குப் பூட்டுப் போடக் கூடாது, அவசரத்துக்குத் திறக்க முடியாமல் போகும்.

கூண்டைப் பயணத்துக்கு முதல் நாள் அறிமுகப்படுத்துவது கொடுமை. மூன்று மாதம் முன்பே கதவைக் கழற்றி ஹாலில் வைத்துவிடுங்கள். சோறு அதற்குள்தான். பிறகு கதவு, பிறகு ஐந்து நிமிடம் சாத்தல், பிறகு ஒரு மணி நேரம், பிறகு ராத்திரி முழுக்க. இது கைகூடினால் மயக்க மருந்து பற்றிய பேச்சே எழாது. எழவும் கூடாது. தூக்க மருந்து கொடுத்த நாய் உயரத்தில் மூச்சையும் உடல் வெப்பத்தையும் சமாளிக்கத் திணறும், தடுமாறி விழுந்தால் பார்க்க ஆளில்லை. மயங்கிய நிலையில் வரும் விலங்கை விமான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. பக், புல்டாக், பெர்சியப் பூனை போன்ற சப்பை மூக்குக்காரர்களைப் பல நிறுவனங்கள் சரக்கு அறையில் ஏற்றவே மறுக்கின்றன. ஏற்றினாலும் கூண்டு பத்து சதவீதம் பெரிதாக இருக்க வேண்டும். சென்னையிலிருந்து நள்ளிரவுக்கு மேல் கிளம்பும் விமானங்களைத் தேர்ந்தெடுப்பது எல்லா நாய்க்கும் நல்லது. கூண்டு ஓடுதளத்தில் காத்திருக்கும் அரைமணி நேரத்தில் மே மாத மதிய வெயில் என்ன செய்யும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜெர்மனி என்பதால் இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர், புல் டெரியர், இவற்றின் கலப்பு எதையும் குடியேறுபவர் அங்கே கொண்டுபோக முடியாது. நம்மூர்த் தெருநாயைத் தத்தெடுத்தவர்கள் இன இடத்தில் மருத்துவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். மண்டை கொஞ்சம் அகலமாக இருக்கிறதே என்று விளையாட்டுக்கு ‘பிட்புல் கலப்பு’ என்று எழுதிய ஊசிப் புத்தகம் பிராங்க்பர்ட்டில் விளையாட்டாக இராது. நாட்டு நாய், கலப்பினம் என்பதே உண்மை, அதையே எழுதச் சொல்லுங்கள்.

கடைசிப் பத்து நாள் சான்றிதழுக்கானது. ஐரோப்பாவில் காகிதம் பார்க்கும் நாளுக்கு முந்தைய 10 நாளுக்குள் கொடுத்ததாக இருக்க வேண்டும். தனியார் மருத்துவர் உடல்நலச் சான்று தருவார், ஆனால் ஐரோப்பாவுக்கு எடுபடுவது அரசு கால்நடை அதிகாரியின் கையெழுத்துதான். அது மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல், சான்றளிப்புச் சேவை. ஏ.க்யூ.சி.எஸ். என்பார்கள். சென்னை அலுவலகம் பள்ளிக்கரணையில். டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத்திலும் உண்டு. முன்பே விண்ணப்பித்து நாள் வாங்கிக்கொண்டு, விலங்கை நேரில் கூட்டிப்போக வேண்டும். ஊசிப் புத்தகம், டைட்டர் அறிக்கையின் அசல், தனியார் மருத்துவரின் சான்று, பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம், இரண்டிரண்டு நகலோடு. பொங்கல், தீபாவளி வாரத்தில் பயணம் வைத்தால் பத்து நாளில் வேலை நாள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பல நேரம் நாலுதான் தேறும்.

ஐரோப்பியச் சான்றிதழுக்கு அவர்களே வகுத்த படிவம் இருக்கிறது. எந்த நாட்டில் முதலில் இறங்குகிறீர்களோ அந்த நாட்டு மொழியும் ஆங்கிலமும் அதில் இருக்க வேண்டும். பாரிஸில் இறங்கி பெர்லின் போவதென்றால் பிரெஞ்சு-ஆங்கிலம், பிராங்க்பர்ட் என்றால் ஜெர்மன்-ஆங்கிலம். படிவத்தில் ‘இது அல்லது அது’ என்று இரண்டு வாக்கியம் வரும் இடங்களில் பொருந்தாததை அடிக்க வேண்டும், அடித்த இடத்தில் அதிகாரி சுருக்கக் கையெழுத்தும் முத்திரையும் வைக்க வேண்டும். இரண்டையும் அடிக்காமல் விட்டால் சான்றிதழ் எதையும் சொல்லாத காகிதம். கையெழுத்தும் முத்திரையும் அச்சின் நிறத்தில் இருக்கக் கூடாது, அதாவது கறுப்பு மை வேண்டாம், நீல மை. மேசையை விட்டு எழுவதற்கு முன் சிப் எண், ஊசித் தேதி, ரத்தத் தேதி, மூன்றையும் மூலக் காகிதங்களோடு ஒத்துப் பாருங்கள். வெளியே வந்து பார்த்தால் இன்னொரு நாள் போகும். கூடவே, விற்கக் கொண்டுபோகவில்லை என்று உரிமையாளர் கையெழுத்திடும் உறுதிமொழி ஒன்றும் உண்டு. உரிமையாளர் பயணிக்கும் நாளுக்கு முன்னோ பின்னோ 5 நாளுக்குள் விலங்கு போக வேண்டும், ஒருவருக்கு 5 விலங்குக்கு மேல் கூடாது. ‘நான் முதலில் போய் வீடு பார்க்கிறேன், அம்மா அடுத்த மாதம் நாயை ஏற்றிவிடுவார்’ என்ற திட்டம் இங்கேதான் உடையும், அது வணிக இறக்குமதிக் கணக்கில் போய்விடும். அம்மாவே எழுத்துப்பூர்வ அனுமதியோடு நாயுடன் பறக்கலாம், ஆனால் அந்த 5 நாளுக்குள்.

நாயோடு அயர்லாந்து, பின்லாந்து, மால்டா, நார்வே போகிறவர்களுக்கு மட்டும் நாடாப்புழு மருந்து கூடுதல். பிராசிக்வான்டெல், இறங்குவதற்கு 24 மணி நேரத்துக்கு முன், 120 மணி நேரத்துக்குள். மருத்துவர் தேதியோடு நேரத்தையும் எழுத வேண்டும்.

பயணத்தன்று நாலு முதல் ஆறு மணி நேரம் முன்னதாகக் கொஞ்சமாகச் சோறு, தண்ணீர் கடைசிவரை. காகிதங்களின் அசல் உங்கள் கையில், நகல் கூண்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறையில். கேபிள் டையை வெட்டச் சின்னக் கட்டர் ஒன்றை செக்-இன் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். பிராங்க்பர்ட்டில் ‘அறிவிக்க ஒன்றுமில்லை’ என்ற பச்சை வழியில் போகக் கூடாது. சிவப்பு வழியில் நின்று நீங்களே காகிதத்தை நீட்ட வேண்டும். ரீடர் வைத்துப் பார்ப்பார்கள், எண் ஒத்துப்போனால் சில நிமிட வேலை. ஒத்துப்போகவில்லை என்றால் திருப்பி அனுப்பலாம், உங்கள் செலவில் தனிமைப்படுத்தலாம்.

குடியேறிய பிறகு அங்குள்ள கால்நடை மருத்துவரிடம் ஐரோப்பியச் செல்லப்பிராணிக் கடவுச்சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கு விடுமுறையில் நாயோடு வரும் எண்ணம் இருந்தால், கிளம்புவதற்கு முன் டைட்டர் முடிவை அந்தக் கடவுச்சீட்டில் பதிய வைத்துவிடுங்கள். பதிந்திருந்து ஊசித் தொடர்ச்சியும் அறுபடாமல் இருந்தால் திரும்பிப் போகும்போது மூன்று மாதக் காத்திருப்பு இல்லை. இந்தியாவுக்குள் வர ஏ.க்யூ.சி.எஸ். அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும், அதையும் விமானம் ஏறும் முன்பே வாங்க வேண்டும்.